ஒரு காய்ச்சல், இரண்டு உயிர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கருவுற்ற தாயும் ஏடிஸ் கொசுவும்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்களும் வைரஸ் ஆய்வாளர்களும் 1997ஆம் ஆண்டு ஒரு சிறிய அறிக்கையை வெளியிட்டார்கள். அதில் இருப்பது இரண்டு தாய்மார்களின் கதை. இருவருக்கும் பிரசவத்தையொட்டி டிங்கி கண்டிருந்தது. முதல் தாய்க்கு நோய் கடுமையானது. கல்லீரல் பாதிக்கப்பட்டு, இரத்தத் தட்டணுக்கள் சரிந்தன. அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை மூச்சுத் திணறலோடும் மூளைக்குள் நிற்காத இரத்தக்கசிவோடும் போராடி ஆறாம் நாள் இறந்தது. குழந்தையின் இரத்தத்திலேயே டிங்கி வைரஸின் இரண்டாம் வகை இருந்தது. இரண்டாவது தாய்க்கு வந்தது லேசான காய்ச்சல். அவருடைய பெண் குழந்தை தட்டணுக்கள் குறைந்து பிறந்தாலும் வேறு தொல்லை எதுவும் இல்லாமல் தேறியது.

வைரஸும் ஒன்று, அதன் வகையும் ஒன்று, மருத்துவமனையும் ஒன்று. ஆனால் ஒரு பிள்ளை இறந்தது, ஒரு பிள்ளை பிழைத்தது. அந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் லாம் சாய் கிட். இரண்டே ஆண்டுகளில் நிப்பா வைரஸைக் கண்டறிந்த குழுவின் வழியாக உலகம் அறிந்த பெயர் அது. நிப்பா பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூட அந்த இரண்டு குழந்தைகளின் கதை பெறவில்லை. கொசு கடித்து வரும் காய்ச்சலை அன்றும் இன்றும் நாம் ஒரு ஆளின் நோயாகத்தான் எண்ணுகிறோம். கருவுற்ற பெண்ணுக்கு அது வரும்போது நோயாளிகள் இருவர். இரண்டாமவருக்கு என்ன நேரும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது, எந்த வைரஸ் எந்த மாதத்தில் வந்தது என்பதுதான். ஒரே ஏடிஸ் கொசு பரப்பும் மூன்று வைரஸ்கள், டிங்கி, சிக்குன்குனியா, ஸிக்கா, மூன்று வெவ்வேறு காலங்களில் கருவைத் தாக்குகின்றன.

கொசுவும் ஊரும்

மலேரியாக் கொசுவை அடக்கிக் காட்டிய பெருமை கிள்ளானுக்கு உண்டு. 1901இல் அங்கே மாவட்ட அறுவை மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவால் செத்துக்கொண்டிருந்த கிள்ளான் நகரத்தையும், புதிதாகத் திறக்கப்பட்டு உடனே நோயில் வீழ்ந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் கண்டார். இன்று அதுவே கிள்ளான் துறைமுகம். சதுப்பு நிலத்தை வடித்து, காட்டைத் திருத்தி, வடிகால் வெட்டினார். மலேரியா அடங்கியது. இரயில் பாதைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பணியின் பலனைப் பின்னாளில் அனுபவித்தன. மலேரியாவும் கருவைக் கலைக்கும், பிள்ளையை எடை குறைந்து பிறக்கவைக்கும்.

ஆனால் ஏடிஸ் கொசு சதுப்பில் வளர்வதில்லை. அது நம் வீட்டுக்குள் வளர்கிறது. குளியலறைத் தொட்டி, பூச்சட்டியின் அடித்தட்டு, சாமி படத்தின் முன் வைத்த பூச்செம்பு, கூரைத் தகரத்தின் மடிப்பு, கட்டுமானத் தளத்தில் தேங்கிய மழைநீர் எல்லாமே அதற்குப் போதும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். 2014இல் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது, வீடுதோறும் வாளியிலும் பீப்பாயிலும் நீரைச் சேமித்தார்கள். மூடாத ஒவ்வொரு பீப்பாயும் அதற்கு வீடாயிற்று.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். ஒரு காலத்தில் செங்கற்சூளைகள் இருந்த இடம். பிறகு இரயில்வே தொழிலாளர் குடியிருப்பு. 2001இல் கேஎல் சென்ட்ரல் இரயில் நிலையம் வந்தபின் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன. துன் சம்பந்தன் சாலையின் பூக்கடை வாளிகள், பழைய வீடுகளின் பின்கட்டு, முடிவே இல்லாத கட்டட வேலைகள், நெருக்கமான மக்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் கூடியிருக்கின்றன. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. ஆனால் இங்கே அடுத்த ஆளைக் கடிக்க அது தூரம் போக வேண்டியதே இல்லை. பெரும்பாலும் பொழுது விடிந்தபின்னும் சாயும் முன்னும் கடிக்கும். பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் ஓய்வுக்கென வீட்டில் இருக்கும் பெண், பகலில்தான் அதற்கு எளிதாக அகப்படுகிறாள்.

மலேசியாவில் 2015இல் 1,20,836 பேருக்கு டிங்கி கண்டது. 336 பேர் இறந்தார்கள். 2019இல் எண்ணிக்கை 1,30,101 ஆனது. 2023இலும் 2024இலும் ஒவ்வோர் ஆண்டும் 1,20,000க்கும் மேல். இறப்புகள் முறையே 100, 117. ஆண்டு மாறினாலும் சிலாங்கூரே முதலிடத்தில் நிற்கிறது. இத்தனை பேரில் கருவுற்றோர் எத்தனை பேர், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை.

டிங்கி: தாயின் உடல் வழியாகவும், நேரடியாகவும்

டிங்கி கருவைத் தொடுவது இரண்டு வழிகளில். ஒன்று, தாய் படும் பாட்டின் வழியாக. கடும் காய்ச்சல், இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிதல், இரத்த அழுத்தம் வீழ்தல், தட்டணுக்கள் குறைதல் ஆகியவற்றால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. கருச்சிதைவும் குறைப்பிரசவமும் பிள்ளை வயிற்றிலேயே இறப்பதும் இதனால் நேரலாம். மற்றொன்று, வைரஸே நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் இரத்தத்தில் சேர்வது.

இரண்டைப் பற்றியும் கோலாலம்பூரிலிருந்தே சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மகப்பேறு மருத்துவர் டான் பெங் சியோங் குழுவினர், வைரஸ் ஆய்வாளர் ஷமலா தேவியுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. பிரசவத்துக்கு வந்த 2,500க்கும் மேற்பட்ட பெண்களின் இரத்தத்தையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் இணையாகச் சோதித்தார்கள். 100க்கு இரண்டு அல்லது மூன்று பெண்களுக்கு அண்மையில் டிங்கி தொற்றியிருந்தது. அவர்களில் ஒரே ஒருவரின் பிள்ளைக்குத்தான் தொற்று சென்றிருந்தது. இந்த முடிவு ஆறுதல் தருவது. ஆனால் அதே மருத்துவர்கள் 2012இல், கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களையும் கரு நிலைத்த பெண்களையும் ஒப்பிட்டபோது வேறொரு உண்மை தெரிந்தது. கரு கலைந்தவர்களில் 100க்கு ஐந்து பேரிடம் அண்மைய டிங்கியின் தடம் இருந்தது. கரு நிலைத்தவர்களில் அது 100க்கு இரண்டுக்கும் குறைவு.

பிரசவத்தை ஒட்டி வெளிப்படையாகக் காய்ச்சல் வந்தால் கணக்கு மாறுகிறது. பிரெஞ்சு கயானாவில் 2018இல் வெளியான ஆய்வில், டிங்கி கண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத் தொற்று சென்றிருந்தது. பிரசவத்துக்குச் சில நாள் முன்பு காய்ச்சல் வந்தவர்களிடம் அது இன்னும் கூடுதல். தாயின் உடல் எதிர்ப்பொருளைச் செய்து பிள்ளைக்கு அனுப்ப நேரம் கிடைக்காமல், வைரஸ் மட்டும் போய்ச் சேரும் நாள்கள் அவை. பிரேசிலில் 2017இல் வெளியான பெரிய ஆய்வு, கருக்காலத்தில் டிங்கி அறிகுறிகள் கண்ட பெண்களிடம் பிள்ளை இறந்து பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்றும், கடுமையான டிங்கியானால் ஐந்து மடங்கு வரை என்றும் காட்டியது.

மருத்துவர்களுக்கே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருவுற்ற பெண்ணின் இரத்த அளவு இயல்பாகவே கூடியிருப்பதால், இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் குறைந்தே தெரியும். டிங்கியில் திரவம் கசியும்போது அந்த விகிதம் ஏறுவதுதான் ஆபத்தின் முதல் அடையாளம். கர்ப்பிணியிடம் அது மறைந்துபோகலாம். கல்லீரல் பாதிப்பும் தட்டணுக் குறைவும் கர்ப்பகால இரத்த அழுத்த நோயைப் போலவே தோன்றும். 1997 அறிக்கையின் முதல் தாயிடம் நேர்ந்த குழப்பமும் இதுதான்.

சிக்குன்குனியா: பிரசவ வலியின் மணிநேரங்கள்

மலேசியாவில் சிக்குன்குனியா முதன்முதலாகப் பரவிய இடம் கிள்ளான் துறைமுகம். 1998 டிசம்பர் முதல் 1999 பிப்ரவரி வரை 51 பேரைத் தாக்கியது. 2006இல் பேராக் மாநிலத்தின் பாகான் பாஞ்சோரில் திரும்பவும் தலைகாட்டியது. 2008இல் ஜொகூரில் தொடங்கி நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை மூட்டு வலியில் வீழ்த்தியது. இந்தப் பெரிய அலையில் வந்தது, சில ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனைச் சூறையாடிய அதே கிளை வைரஸ்.

தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரியூனியனில் 2005-06இல் மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கினருக்குச் சிக்குன்குனியா தொற்றியது. பிறகுதான் உலகம் ஓர் உண்மையைக் கற்றது. கருவின் முதல் ஏழெட்டு மாதங்களில் தாய்க்கு இந்நோய் வந்து போனால் பிள்ளைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் பிரசவ வலி எடுக்கும் வேளையில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் நிலைமை வேறு. பட்ரிக் ஜெரார்தன் குழுவினர் அங்கே அப்படிப்பட்ட 39 தாய்மாரைக் கண்டார்கள். அவர்களின் பிள்ளைகளில் 19 பேருக்குத் தொற்றியது, ஏறத்தாழ பாதி. அறுவைப் பிரசவமும் இதைத் தடுக்கவில்லை. கருப்பை சுருங்கும்போது நஞ்சுக்கொடியில் தாய் இரத்தமும் பிள்ளை இரத்தமும் நுண்ணிய அளவில் கலப்பதே காரணமாகக் கருதப்படுகிறது.

அந்தக் குழந்தைகள் பிறந்தபோது நலமாகத்தான் தெரிந்தன. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், கை கால் வீக்கம், தோல் நிறம் மாறுதல், வலிப்பு என்று தொடங்கின. பாதிக்கப்பட்டவர்களில் பாதியளவுக்கு மூளை அழற்சி கண்டது. இரண்டு வயதில் திரும்பச் சோதித்தபோது, தொற்றிய பிள்ளைகளில் 51 விழுக்காட்டினரின் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. தொற்றாத பிள்ளைகளில் அது 15 விழுக்காடு. பேச்சிலும் உடல் அசைவிலும் பழகுவதிலும் அந்த வேறுபாடு தெரிந்தது.

இங்கே கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. சுகப்பிரசவமான தாய், சேய் இருவரையும் மறுநாளே வீட்டுக்கு அனுப்புவது இங்கே வழக்கம். சிக்குன்குனியா தலைகாட்டுவதோ மூன்றாம் நாளுக்குப் பிறகு. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டால், பிள்ளையை ஒரு வாரம் கண்காணிப்பில் வைக்கலாம். கேட்காவிட்டால், வீட்டில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு உட்சூடு என்று சொல்லி நாள் கழியும்.

ஸிக்கா: பெந்தோங்கிலிருந்து பிரேசில் வரை

1947இல் உகாண்டாவின் ஸிக்கா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டெடுக்கப்பட்ட வைரஸ், ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகக் கொசுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது மலேசியாவில்தான். ஆண்டு 1966, இடம் பகாங் மாநிலத்துப் பெந்தோங். கோலாலம்பூரிலிருந்து மலையேறிப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேரும் ஊர். அங்கே பிடிபட்ட ஏடிஸ் கொசுவில் இருந்த வைரஸ், ஆசியக் கிளையின் மிகப் பழைய மாதிரி. அதே ஆசியக் கிளைதான் 2007இல் யாப் தீவிலும், 2013இல் பிரெஞ்சு பாலினேசியாவிலும், 2015இல் பிரேசிலிலும் பரவியது. பிரேசிலின் வடகிழக்கில் சிறுத்த தலையோடு பிள்ளைகள் பிறக்கத் தொடங்கியபோது, 2016 பிப்ரவரி 1 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக அவசரநிலையை அறிவித்தது.

ஸிக்காவின் பேரழிவுக் காலம் கருவின் முதல் மாதங்கள். நரம்பணுக்களாக மாறவேண்டிய மூல அணுக்களையே அது தேடி அழிக்கிறது. அதனால் மூளை வளர்வதில்லை. மூளையில் சுண்ணாம்புத் திட்டுகள் படிகின்றன. கண்ணின் உட்திரை, செவிப்புலன், மூட்டுகள் எல்லாம் பாதிக்கப்படலாம். தொற்றிய தாய்மார்களின் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேரிடம் இத்தகைய குறைபாடுகள் காணப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தாய்க்கு அறிகுறியே இல்லாமல் போவதுதான் இதில் கொடுமை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலைக்கூட உணர்வதில்லை. பிறக்கும்போது தலையளவு சரியாக இருந்த சில பிள்ளைகளிடம்கூடப் பல மாதங்கள் கழித்துக் குறை வெளிப்பட்டது. பிரேசில் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 2022இல் சொன்ன முடிவு இது: பிறவி ஸிக்கா பாதிப்புள்ள பிள்ளைகள் மூன்று வயதுக்குள் இறக்கும் விகிதம் மற்றவர்களைப் போல் பதினொரு மடங்கு.

2016 ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூரில் ஸிக்கா பரவியபோது, அங்கே போய் வந்த கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண்மணியிடம்தான் மலேசியாவின் முதல் தொற்று செப்டம்பர் 1 அன்று உறுதியானது. சில நாள்களில் ஜொகூர் பாருவில் கருவுற்ற பெண் ஒருவருக்கும் தொற்றியிருந்தது தெரிந்தது. அந்த ஆண்டு மலேசியாவில் உறுதியான தொற்றுகள் பத்தைத் தாண்டவில்லை. ஆயினும் கேரளத்தில் 2021இல் முதலில் கண்டறியப்பட்டவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த கருவுற்ற பெண். திருவனந்தபுரம், சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என ஓயாமல் போய்வரும் குடும்பங்களுக்கு இந்த வைரஸ் ஒருபோதும் தொலைவிலில்லை. இது உடலுறவின் வழியாகவும் பரவும் என்பதால், பரவல் உள்ள ஊரிலிருந்து திரும்பிய ஆண் மூன்று மாதமும், பெண் இரண்டு மாதமும் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தொட்டிலுக்குப் பிறகு

பிரசவம் நல்லபடி முடிந்தது என்பதோடு கதை முடிவதில்லை. டிங்கி ஏற்கனவே வந்து போன தாய், தன் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குத் தருகிறாள். முதல் சில மாதங்கள் அது பிள்ளைக்குக் காவல். பிறகு அது தேய்கிறது. வைரஸைக் கொல்லப் போதாத, ஆனால் அதோடு ஒட்டிக்கொள்ளப் போதுமான அளவுக்கு அது குறையும்போது, வைரஸ் உடலின் அணுக்களுக்குள் நுழைய அதுவே வழிகாட்டிவிடுகிறது. பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் 1960கள் முதல் கவனித்த இந்தப் போக்கால்தான், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தைகளுக்கு முதல் டிங்கியே கடுமையாக வரக்கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த தாய்மார் பலருக்கும் இந்த எதிர்ப்பொருள் உண்டு. ஆகவே தவழும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பல் முளைப்பதாக எண்ணி இருந்துவிடக் கூடாது.

நீண்டகாலப் பாதிப்புக்கும் சான்று சேர்ந்துவருகிறது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், மார்ட்டின் கோப்பன்ஸ்டைனர், லிவியா மெனெசெஸ் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோது டிங்கி வந்தது, மற்றொன்றின்போது வரவில்லை. டிங்கி வந்த கருவில் மிகக் குறைந்த எடையோடு பிறக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு கூடியது. அப்பிள்ளைகள் மூன்று வயதுக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 27 விழுக்காடு கூடுதல். இரண்டாம் வயதில் அது 76 விழுக்காடு. அந்தத் தாய்மாரில் பலருக்கு வந்தது உயிருக்கு ஆபத்தில்லாத டிங்கி.

வீட்டிலும் கிளினிக்கிலும்

கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது. அன்றே அரசு கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போய் டிங்கிப் பரிசோதனையும் முழு இரத்த எண்ணிக்கையும் செய்யவேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்கள்தான் அபாயம் மிகுந்தவை. அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம், பிள்ளையின் அசைவு குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அந்த நாள்களில் பிரசவம் நேர்ந்தால் இரத்தப்போக்கு அஞ்சத்தக்கது என்பதால், முடிந்தவரை மருத்துவர்கள் பிரசவத்தைத் தள்ளிப்போட முயல்வார்கள்.

நம் வீடுகளில் டிங்கி என்றதும் பப்பாளி இலைச்சாறு வரும். மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகமே 2013இல் அதை ஆராய்ந்து, தட்டணுக்கள் கூடுவதாக அறிவித்தது. ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு அது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. மேலும் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் திரவக் கசிவு. அதற்கு மருத்துவமனைக் கண்காணிப்பே வழி. இலைச்சாற்றை நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது. தாய்ப்பாலில் வைரஸ் காணப்பட்ட நிகழ்வுகள் உண்டு என்றாலும், பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. டீட் அல்லது பிக்காரிடின் கலந்த கொசு விரட்டிகளைக் குறிப்பில் சொன்னபடி கர்ப்பிணிகள் பூசிக்கொள்ளலாம். பகலில் உறங்கும் பிள்ளையின் தூளிக்கு வலை கட்டவேண்டும். 2024இல் மலேசியா நிபந்தனையோடு அனுமதித்த டிங்கித் தடுப்பூசி உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆனது. அதைக் கருக்காலத்தில் போடக் கூடாது. போட விரும்பும் பெண் கருத்தரிக்குமுன்பே மருத்துவரிடம் பேசவேண்டும்.

கொசுவைக் குறைக்கும் பணியில் நாட்டுக்கு அனுபவம் உண்டு. கொசுப் புழு கண்ட வீட்டுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் தண்டம் விதிக்கிறார்கள். மருத்துவ ஆய்வுக் கழகம் சிலாங்கூரில் வால்பேக்கியா கிருமி ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்டு நடத்திய சோதனையில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இவை எல்லாத் தாய்மாருக்கும் காவல். அவற்றை அடர்ந்த அடுக்குமாடிப் பகுதிகளுக்கு முதலில் கொண்டுசெல்வது கருவுற்ற பெண்களைக் காக்கும் வேலையும்கூட.

எண்ண வேண்டிய இரண்டாவது உயிர்

எஞ்சியிருப்பது கணக்கு. சுகாதார அமைச்சின் வாராந்திர அறிக்கை டிங்கி எத்தனை, இறப்பு எத்தனை, சிக்குன்குனியா எத்தனை என்று சொல்கிறது. அதில் கருவுற்றோர் எத்தனை என்ற ஒரு வரியும் சேரவேண்டும். மலேசியத் தாய்மார் ஒவ்வொருவர் கையிலும் கர்ப்பகாலப் பதிவேடு இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் அதற்கும் ஒரு பதிவேடு கிடைக்கிறது. தாய்க்கு எந்த வாரத்தில் எந்தக் காய்ச்சல் வந்தது, பரிசோதனை என்ன சொன்னது என்பது முதல் பதிவேட்டிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி எழுதப்படவேண்டும். அந்தப் பிள்ளைகளின் தலையளவும் செவியும் கண்ணும் பேச்சும் நடையும் குறைந்தது மூன்று வயது வரை குறித்த இடைவெளியில் சோதிக்கப்படவேண்டும். தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் கிளினிக்குக்கு எப்படியும் வருகிறாள். அதே வருகையில் இதை முடித்துவிடலாம்.

1966இல் பெந்தோங்கின் கொசுவில் ஸிக்காவைக் கண்டதும், 1997இல் பிள்ளையின் இரத்தத்தில் டிங்கியைப் பிரித்ததும், 2008இல் ஆயிரக்கணக்கான தொப்புள்கொடிகளைச் சோதித்ததும் இந்த மண்ணின் ஆய்வுக்கூடங்கள்தான். ஏடிஸ் கொசுவோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழும் நாடு, அந்தக் கொசு தன் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதை ரியூனியனிடமும் பிரேசிலிடமும் மட்டுமே கேட்டறிய வேண்டியதில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் இந்தப் பதிவைத் தொடங்க, புதுக் கட்டடமோ புது மருந்தோ வேண்டாம். காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியை இரண்டு நோயாளிகளாக எழுதும் முடிவு ஒன்று போதும்.